நாலாவது விதியை எடுத்துவிடுங்கள்: நம் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் மென்பொருள் குழுவின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

குழுவுக்கான நடத்தை விதிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்து கேட்டிருக்கிறீர்கள். எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. சரி, இப்போதாவது நடக்கிறதே.

வரைவு வந்த நாளிலிருந்து குழுவில் நடக்கும் சண்டையை நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். ஒரு சாரார், "விதி வந்துவிட்டால் இனி யாரும் மனதில் பட்டதைச் சொல்ல முடியாது, இதுவும் இன்னொரு ஆபீஸ் ஆகிவிடும்" என்கிறார்கள். மறு சாரார், "மனதில் பட்டதைச் சொல்லும் வசதி இவ்வளவு காலம் யாருக்கு இருந்தது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் உங்கள் வரைவைப் படித்த பிறகு, முதல் கட்சிக்காரர்களின் பயத்திலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. விதி வேண்டும் என்று கேட்டவனுக்கே இந்த விதிகள் பிடிக்கவில்லை என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது; குறிப்பாக, எதிர்மறையாகவே பேசக் கூடாது என்னும் நாலாவது விதியில். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் நம் மூத்தவர்கள் சிலர் வைக்கும் வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். "எனக்கு ஒளிவுமறைவு தெரியாது. கோட் மோசம்னா மோசம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். நடிக்க வராது." இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்மில் பலருடைய நிரலில் இருந்த பிழையை இரவு வெகுநேரம் உட்கார்ந்து தேடிக் கொடுத்தவர்கள் இவர்களும்தான். ஆனால் இதே வாதத்தை, இவர்களைவிட நன்றாகவே, உலகறிய ஒருவர் சொல்லிவிட்டார். லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் கதை எங்கே போய் முடிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். பாதிக் கதையை மட்டும் நம் குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள்.

2012 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மீடியா பகுதியைப் பராமரித்து வந்த மௌரோ கார்வல்யோ செஹாப், ஒரு மாற்றத்தால் கெர்னலுக்கு வெளியே பயனர் பக்கத்தில் ஓடும் நிரல் ஒன்று கோளாறானபோது, தவறு அந்த நிரலில்தான் என்று பதில் எழுதினார். லினஸ் பொங்கிவிட்டார். "வாயை மூடு" என்பதன் அச்சில் ஏற்ற முடியாத வடிவத்தோடு தொடங்குகிறது அந்த மடல். கெர்னலில் செய்த மாற்றத்தால் ஒரு நிரல் உடைந்தால் அது கெர்னலின் பிழை, நிரலைக் குறை சொல்லவே கூடாது என்று பெரிய எழுத்துகளில் கத்தினார். சொன்ன விஷயம் நூற்றுக்கு நூறு சரி. லினக்ஸை இத்தனை கோடிக் கருவிகளில் நம்பி வைக்க முடிகிறதென்றால் அந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம். அதனால்தான் அந்த மடல் இன்றும் பாராட்டோடு பகிரப்படுகிறது. "பார்த்தாயா, தரம் வேண்டுமென்றால் இப்படித்தான் பேச வேண்டும்!"

2013 ஜூலையில், இன்டெல்லில் இருந்துகொண்டு யூஎஸ்பி 3.0 கன்ட்ரோலருக்கான டிரைவரைப் பராமரித்து வந்த சேஜ் ஷார்ப் இதைப் பொதுவிலேயே எதிர்த்தார். திட்டுவதும் மிரட்டுவதும் இல்லாமல் வேலை செய்ய முடியும், நான் அப்படித்தான் செய்கிறேன் என்றார். லினஸ் எழுதிய பதில்தான் நம் மூத்தவர்களின் வாதத்துக்கு மூலம். வீட்டில் பாத்ரோப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், டை கட்டப் போவதில்லை. அதுபோலவே போலி மரியாதை, அலுவலக அரசியல், முதுகில் குத்துவது, மறைமுகமாக எரிச்சல் காட்டுவது, வெற்று ஜார்கன் இதெல்லாமும் எனக்கு வேண்டாம். தொழில்முறையாக நடந்துகொள் என்று சொன்னால் கடைசியில் கிடைப்பது இதுதான். ஏறக்குறைய இதுதான் அவர் சொன்னது.

ஐடி கம்பெனியில் பத்து வருடம் குப்பை கொட்டிய யாருக்கும் இதைப் படித்தால் ஒரு கணம் கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "கிரேட் இன்சைட்" என்று லிங்க்ட்இனில் ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்வதைப் பார்க்கும்போது இப்போதும் தோன்றுகிறது. அங்கே ஒருவர் அப்பட்டமான தொழில்நுட்பத் தவறை எழுதினால்கூட, கீழே நாற்பது பேர் வாழ்த்து சொல்வார்களே தவிர ஒருவரும் தவறென்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் லினஸின் பதிலில் ஓர் ஓட்டை. பாத்ரோபில் உட்கார்ந்து பேசும் சுதந்திரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? கெர்னலில் எது சேரும், எது சேராது என்பதைக் கடைசியாக முடிவு செய்பவர் அவர். அவர் கத்தினால் அது 'வெளிப்படையான மனிதர்'. அதே தொனியில் ஒரு புது ஆள் அவருக்குப் பதில் எழுதியிருந்தால், அந்த ஆள் அனுப்பும் பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, எந்தப் பராமரிப்பாளர் தொட்டுப் பார்த்திருப்பார்? தன் கோபம் புதியவர்கள் மேல் இல்லை, விவரம் தெரிந்திருக்க வேண்டிய பெரியவர்கள் மேல்தான் என்பது லினஸ் தரப்பில் சொல்லப்படும் சமாதானம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அந்த மடல்கள் எல்லோரும் படிக்கும் இடத்தில் வந்தன. பெரிய ஆளுக்கே இந்தக் கதி என்றால் நாம் எதற்கு வாய் திறக்க வேண்டும் என்றுதான் ஓரமாக நின்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஷார்ப் 2015 அக்டோபரில், கெர்னல் வேலையிலிருந்து விலகியதை வெளிப்படையாக எழுதினார். தொழில்நுட்ப ரீதியாக மதிக்கிறார்கள், மனிதராக மதிக்கச் சொல்லிக் கேட்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அதே ஆண்டு மார்ச்சில் கெர்னலில் ஒரு சிறு ஆவணம் சேர்ந்திருந்தது. உங்கள் கோட் கடுமையாக விமர்சிக்கப்படும், அது இயல்பு. யாராவது தனிப்பட்ட முறையில் தாக்குவதாக உணர்ந்தால் வந்து சொல்லுங்கள், அவ்வளவுதான். யார் எதற்கு என்ன நடவடிக்கை எடுப்பார்கள் என்று அதில் தெளிவில்லை. பல்லில்லாத விதி.

அப்புறம் 2018 செப்டம்பர் 16. 4.19 கெர்னலின் நாலாவது சோதனைப் பதிப்பை அறிவிக்கும் மடலிலேயே லினஸ் மன்னிப்புக் கேட்டார். தன் மடல்களில் இருந்த தாக்குதல்கள் தேவையற்றவை, தொழில்முறைக்கு ஒவ்வாதவை, பிறருடைய உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போகிறேன், கொஞ்ச காலம் விலகியிருக்கிறேன் என்றார். அதே சமயத்தில், பல மென்பொருள் திட்டங்கள் எடுத்தாளும் மாதிரி நடத்தை விதியான 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' 1.4-ஐ அடிப்படையாகக் கொண்ட நடத்தை விதிகள் கெர்னலில் சேர்ந்தன. அக்டோபர் 22-ஆம் தேதி 4.19-ஐ, கெர்னலின் இன்னொரு மூத்த பராமரிப்பாளரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். பிறகு லினஸ் திரும்பி வந்தார். அந்த நாட்களில் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியில், தன்னிடமிருந்து வெளியே போகும் மடல்களுக்கு ஒரு வடிகட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். நமக்கெல்லாம் உள்ளே வரும் ஸ்பாமுக்கு வடிகட்டி, அவருக்கு வெளியே போவதற்கு!

'லினக்ஸ் செத்துவிட்டது' என்று அப்போது எழுதியவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. விதிகளை எதிர்ப்பவர்கள் தாங்கள் எழுதிக் கொடுத்த நிரல்களையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றுகூடப் பேச்சு ஓடியது. கெர்னல் கருத்துரைகளில் இருக்கும் கெட்ட வார்த்தைகளையெல்லாம் 'கட்டிப்பிடி' என்று மாற்றுகிறேன் என்று ஒருவர் வரிசையாகப் பேட்ச் அனுப்ப, ஊரே சிரித்தது. கெர்னலோ வழக்கம்போல ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பாக வந்துகொண்டே இருக்கிறது. பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் அப்படியே இருக்கிறது. அதைக் காப்பாற்ற அந்தக் கெட்ட வார்த்தை தேவைப்படவில்லை என்பது ஏழெட்டு வருடமாக நிரூபணமாகிக்கொண்டிருக்கிறது.

லினஸ் பல்லைப் பிடுங்கிய பாம்பாகிவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில், 6.17 கெர்னலுக்கு வந்த, ரிஸ்க்-ஃபைவ் வகைச் சில்லுகளுக்கான மாற்றங்களை அவர் திருப்பி அனுப்பினார். பயணம் இருக்கிறது, சீக்கிரம் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தும் கடைசி நேரத்தில் வந்தது ஒரு காரணம். இரண்டு 16 பிட் எண்களைச் சேர்த்து ஒரு 32 பிட் எண் செய்ய எழுதியிருந்த உதவி நிரல் இன்னொரு காரணம். அதைக் குப்பை என்றார், உலகத்தை மோசமான இடமாக்குகிறது என்றார். ஆனால் ஏன் குப்பை என்பதையும் எழுதினார். ஒரு எண்ணை 16 பிட் நகர்த்தி இன்னொன்றைக் கூட்டினால் படிப்பவருக்கு எது மேல் பாதி, எது கீழ்ப் பாதி என்று உடனே தெரியும், உங்கள் உதவி நிரலின் பெயரைப் பார்த்தால் அது தெரியாது என்றார். காரமான மடல்தான். நானாக இருந்தால் அன்று சாப்பாடு இறங்கியிருக்காது. இருந்தாலும் அதற்குப் பதில் எழுத முடியும். வரிசை தெளிவாகத்தான் இருக்கிறது என்று வாதாட முடியும், நேரத்துக்கு அனுப்புகிறேன் என்று சொல்ல முடியும். 'வாயை மூடு' என்பதற்கு என்ன பதில் எழுதுவது?

நிர்வாகிகளே, உங்கள் வரைவில் நான் தேடியது இந்த வேறுபாட்டைத்தான். காணவில்லை.

அதற்குப் பதில் நாலாவது விதி இருக்கிறது: "எதிர்மறையான கருத்துகளைத் தவிர்த்து, எப்போதும் ஆக்கபூர்வமாகவும் நேர்மறையாகவும் பேசவும்." இதன்படி 2012 மடலும் குற்றம், 2025 மடலும் குற்றம். ஷார்ப் 2013-ல் எழுதினாரே, அது இன்னும் பெரிய குற்றம்; அவர் ஒரு தலைவரின் நடத்தையைப் பற்றிப் பொதுவில் எதிர்மறையாகப் பேசினார்! போன மாதம் நம் குழுவில் ஒருவர், பரவலாகப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு நூலகம் கடவுச்சொல்லை அப்படியே லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதில் நேர்மறையாக என்ன இருக்கிறது? மென்பொருளில் பாதி வேலையே இது சரியில்லை என்று சொல்வதுதான்.

ஏழாவது விதி இன்னும் மோசம். "மூத்த உறுப்பினர்களுக்கு உரிய மரியாதை அளிக்கவும்." நம்மிடம் இதற்குப் பஞ்சமா? சார், அண்ணா, மேடம் போடாமல் ஒரு கேள்வி வருகிறதா நம் குழுவில்? கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள், கேள்வி கேட்பதற்கு முன் இரண்டு வரி மன்னிப்புக் கேட்கிறார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் போய் அதே பிள்ளைகள் வணக்கமும் நன்றியும் சேர்த்துக் கேள்வி போட்டால், அதை இரைச்சல் என்று யாராவது திருத்தி எடுத்துவிடுவார்கள்; பிள்ளை தன்னைத்தான் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். அங்கே ஒரு வழக்கம், இங்கே ஒரு வழக்கம், அது இருக்கட்டும். மூத்தவர்களுக்கு மரியாதை என்பதை வீட்டிலும் பள்ளியிலும் ஏற்கெனவே போதுமான அளவு ஊட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதை விதியாகவும் எழுதினால் ஒரே ஒரு விளைவுதான் இருக்கும். நேற்றுச் சேர்ந்த பெண் ஒருத்தி, பதினைந்து வருட அனுபவமுள்ளவரிடம் "சார், இந்த இடத்தில் மெமரி லீக் ஆகுது" என்று சொல்வதற்கு முன் இன்னும் ஒரு முறை யோசிப்பாள். அப்புறம் சொல்லாமல் விட்டுவிடுவாள். லீக் மட்டும் இருக்கும்.

என் கோரிக்கை முழுவதும் அந்தப் பெண்ணைப் பற்றியதுதான். இயல்பாகப் பேசும் உரிமை என்று நம் மூத்தவர்கள் கேட்பது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களை யாரும் தடுக்கப் போவதில்லை, தடுத்தாலும் கேட்க மாட்டார்கள். அவளுக்குத்தான் அது இல்லை. அவள் தன் சொந்தக் குரலில் "இது தப்பு" என்று ஒரு பெரிய ஆளிடம் சொல்லி, அதற்கு ஏளனம் இல்லாத ஒரு பதிலைப் பெற முடிகிறதா? ஒவ்வொரு விதியையும் இந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள். உதவினால் வையுங்கள். குறுக்கே நின்றால் எடுத்துவிடுங்கள்.

நடிக்க வராது என்று சொல்லும் நம் மூத்தவர்களிடமும் இங்கே ஒன்று கேட்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணி கிளையன்ட் காலில் நீங்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து ஒருவர் அபத்தமான ஒரு தேவையைச் சொல்லும்போது, "அதைச் செய்வதில் சில சவால்கள் இருக்கின்றன, மாற்று வழி ஒன்றைப் பார்க்கலாமா" என்று எவ்வளவு அழகாகச் சொல்கிறீர்கள்! அது நடிப்பில்லை, திறமை. பில் கட்டுபவரிடம் வரும் அந்தத் திறமை, கற்றுக்கொள்ள வருபவரிடம் மட்டும் ஏன் வராமல் போகிறது?

சரி, முதல் கட்சிக்காரர்களின் பயத்துக்கு வருகிறேன். விதியைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்ற பயம் கற்பனை இல்லை. 2024 ஆகஸ்டில் பைத்தான் என்ற நிரல் மொழியின் வழிநடத்தும் குழு, டிம் பீட்டர்ஸை மூன்று மாதம் இடைநீக்கம் செய்தது. பைத்தானில் தரவுகளை வரிசைப்படுத்த உருவான டிம்சார்ட் என்ற வழிமுறை அவர் 2002-ல் எழுதியது. ஜாவாவும் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டது. நடத்தை விதிப் பணிக்குழுவின் பரிந்துரைப்படி எடுத்த முடிவு என்று சொல்லி, காரணங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். கனமான குற்றச்சாட்டுகளும் அதில் இருந்தன. பணியிடத்துப் பாலியல் தொல்லை போன்றவற்றை இலேசாகப் பேசினார் என்பது ஒன்று. அவை உண்மையானால் கண்டிக்க வேண்டியவைதான். ஆனால் அதே பட்டியலில் இன்னொன்று இருந்தது. பைத்தான் அறக்கட்டளையின் துணைவிதிகளை மாற்றுவது பற்றிய விவாதத்தில் இருந்த 177 பதிவுகளில் 47 அவருடையவை, இது பயத்தையும் சந்தேகத்தையும் வளர்த்தது என்றார்கள். பிற்பாடு நடந்த வாக்கெடுப்பில் சர்ச்சைக்குரிய அந்த மாற்றத்துக்கே 81 சதவீத ஆதரவு கிடைத்தது, ஆகவே அந்தச் சர்ச்சை ஊதிப் பெருக்கப்பட்டது என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்தத் துணைவிதி மாற்றம் எதைப் பற்றியது? நடத்தை விதியை மீறியவரின் கௌரவ உறுப்பினர் தகுதியை நிர்வாகக் குழுவே வாக்களித்துப் பறிக்க வழி செய்வது. அதாவது, நிர்வாகத்தின் அதிகாரத்தைக் கூட்டுவது. அதை எதிர்த்து ஒருவர் நிறையப் பேசினார். வாக்கெடுப்பில் தோற்றார். தோற்றதே, அவர் பேசியது வீண் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. இப்படிப் பார்த்தால் தேர்தலில் டெபாசிட் இழந்தவர்களையெல்லாம் பிரசாரம் செய்த குற்றத்துக்காக உள்ளே வைக்கலாம். ஒருவர் ஓயாமல் எழுதினால் மற்றவர்களுக்குச் சலிப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு நாளைக்கு இத்தனை பதிவு என்று எல்லோருக்கும் பொதுவாக வரம்பு வைக்கலாம். நடத்தைக் குற்றம் என்று பாலியல் தொல்லைப் பேச்சோடு ஒரே பட்டியலில் போடக் கூடாது. கனமானதையும் இலேசானதையும் கலந்தால் கனமானதன் எடை குறைந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் அவர் எங்கே என்ன எழுதினார் என்ற மேற்கோளும் இல்லை, சுட்டியும் இல்லை. படித்தவர்கள் ஆளுக்கொன்றாக ஊகித்துக்கொண்டார்கள்.

உங்கள் ஒன்பதாவது விதி இதைவிட ஒரு படி மேலே போகிறது: "நிர்வாகிகளின் முடிவே இறுதியானது. காரணம் கேட்கக் கூடாது." பைத்தான்காரர்கள் காரணமாவது சொன்னார்கள்! புகார் கொடுத்தவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகச் சில விவரங்களை மறைக்கலாம், மறைக்கத்தான் வேண்டும். எந்த விதி, எந்தச் செயல், எவ்வளவு காலம், மேல்முறையீடு யாரிடம் என்ற நான்கையும் மறைக்க எந்த நியாயமும் இல்லை. புகார் நிர்வாகிகளில் ஒருவர் மேலேயே வந்தால் அவர் அந்த முடிவில் உட்காரக் கூடாது என்ற ஒரு வரியாவது வேண்டாமா? அது நடக்காத விஷயம் என்று நினைக்காதீர்கள்.

தண்டனைக்கு விலை உண்டு என்பதையும் யோசித்துவிட்டு எழுதுங்கள். 2024-ல் கெர்னலில் 'பிகேஷ்எஃப்எஸ்' என்ற கோப்பு முறைமையை எழுதிவந்த கென்ட் ஓவர்ஸ்ட்ரீட், சக டெவலப்பர் ஒருவரை மூளையைச் சோதித்துக்கொள், இங்கிருந்து வெளியே போ என்ற ரீதியில் திட்டினார். நடத்தைக் குழு பரிந்துரைக்க, தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஒப்புக்கொள்ள, 6.13 பதிப்புக்கு அவருடைய மாற்றங்களை எடுத்துக்கொள்ளவில்லை. முடிவு சரி என்றே நினைக்கிறேன். திட்டியது நிரலை இல்லை, ஆளை. ஆனால் அந்தச் சுற்றில் காத்திருந்தது அவர் மட்டுமில்லை, அந்தக் கோப்பு முறைமையில் தங்கள் கோப்புகளை வைத்திருந்தவர்களும்தான். அதனால்தான் முதல் தடவையே ஆளை வெளியே அனுப்பும் விதி எனக்குச் சம்மதமில்லை. 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' இரண்டாம் பதிப்பில் திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று நான்கு படி இருக்கிறது. நீங்கள் பார்த்து எழுதியது பழைய 1.4 பதிப்பு என்று தெரிகிறது. அதில் அந்தப் படிகள் இல்லை.

பழைய பதிப்பைப் பார்த்து எழுதியதில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. யாரையும் எந்த அடையாளத்தை வைத்தும் இழிவுபடுத்தக் கூடாது என்ற இரண்டாவது விதியில் இனம், மதம், நாடு, தோற்றம் எல்லாம் இருக்கிறது. சாதி இல்லை! அமெரிக்காவில் எழுதப்பட்ட அந்த ஆவணமே 2.1 பதிப்பில் சாதியைச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாம் விட்டுவிட்டோம். "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?" என்று வேலைக்குப் பரிந்துரை கேட்டு வருபவரிடம் மெதுவாகத் துருவுவது நம் குழுவில் நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கேட்பவர் சிரித்த முகத்தோடு, வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் கேட்பார். தொனியை அளக்கும் உங்கள் நாலாவது விதி அவரைத் தொடக்கூட முடியாது. பொதுவில் கேள்வி கேட்ட பெண்ணிடம் "பதில் தெரியும், இன்பாக்ஸ் வாங்க" என்பவரும் அப்படித்தான், மிகமிக நேர்மறையான மனிதர்.

நல்ல முன்மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் ஐஇடிஎஃப், 2014-ல் ஆர்எஃப்சி 7154 என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. சில பக்கம்தான். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஆங்கிலம் பற்றியது. இங்கே புழங்கும் மொழி ஆங்கிலம், ஆனால் பலருக்கு அது தாய்மொழி இல்லை; ஆகவே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தெளிவாக, மெதுவாக, கொச்சை குறைத்துப் பேச முயல வேண்டும்; புரியாத ஆங்கிலம் வந்தால் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. பாரத்தை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் பாருங்கள். மொழி கைவந்தவர் தலையில். கருத்து வேறுபாட்டைப் பற்றிச் சொல்லும்போதும், நேர்மறையாக இரு என்று அது சொல்வதில்லை. மிரட்டலும் ஆள் மீதான தாக்குதலும் வேண்டாம், காரணங்களோடு கருத்தை எதிர்த்து வாதாடு என்கிறது. நம் குழுவில் ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும் பிள்ளைகளின் கேள்வியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு குழுவில் போட்டுச் சிரித்த கதை உங்களுக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தடுக்கும் ஒரு வரியும் வரைவில் இல்லை.

ஸ்க்ரீன்ஷாட் என்றதும் இன்னொன்று. மனம்விட்டுப் பேச முடியாது என்று அஞ்சுகிறவர்களின் உண்மையான பயம், நிர்வாகிகளைவிட ஆபீஸைப் பற்றியது. இங்கே பேசியதை யாராவது அவருடைய மேனேஜருக்கோ ஹெச்ஆருக்கோ அனுப்பிவிட்டால்? நம்மில் பலருடைய மேலதிகாரிகள் இதே குழுவில் இருக்கிறார்கள், வேலைக்கு ஆளெடுப்பவர்களும் இருக்கிறார்கள். தொல்லை, மிரட்டல் போன்றவற்றைப் புகார் செய்வது தவிர, குழுவில் பேசியதை ஒருவரின் வேலையிடத்துக்குக் கொண்டுபோவது விதிமீறல் என்று எழுதுங்கள். விதி வேண்டாம் என்று இன்று சண்டை போடுகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு வரிக்காகவே உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. நாலாவது, ஏழாவது விதிகளுக்குப் பதிலாக நான் முன்மொழிவது இது:

"ஒருவருடைய கோட், வடிவமைப்பு, முடிவு, வாதம் எதையும் யார் வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், கடுமையாகவும் விமர்சிக்கலாம். விமர்சனத்தில் காரணம் இருக்க வேண்டும். ஆளின் அறிவு, படிப்பு, மொழி, பாலினம், சாதி, மதம், ஊர், உடல் ஆகியவற்றைத் தொடக் கூடாது. அனுபவமோ பொறுப்போ கூடுதலாக உள்ளவர் இதை மீறினால், அதைக் கூடுதல் மீறலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நிர்வாகிகளின் முடிவுகளும் இதே முறையில் விமர்சனத்துக்கு உட்பட்டவை."

ஒன்பதாவது விதிக்கு: முடிவெடுத்த ஏழு நாளுக்குள் மேலே சொன்ன நான்கு விவரங்களையும் சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் கொடுங்கள், மேல்முறையீட்டை நிர்வாகத்தில் இல்லாத மூவரிடம் விடுங்கள். அந்த மூவரில் ஒருவராவது, குழுவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவராக இருக்கட்டும். நான் பழைய ஆள், அதனால் அந்த இடத்துக்கு நான் போட்டியில்லை.

வரைவு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, தமிழிலும் போடுங்கள். கருத்து சொல்லக் கொடுத்திருக்கும் ஒரு வாரம் போதாது, செமஸ்டர் தேர்வு நடக்கிறது, மாணவர்கள் இந்தப் பக்கமே வரவில்லை. அவர்கள் வந்து படித்த பிறகு வாக்கெடுப்பு வையுங்கள். பெயர் தெரியாத வாக்கெடுப்பாக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவன்
சென்னை